கேம் ஷாஃப்ட் டைமிங்கைச் சரியாக வைக்கும் முறை

கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோகும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பின் இழுவை குறைந்து, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) நடுங்கி, மறுபடியும் வேலைக்கு வந்த எஞ்சின்களைத் திறந்து பார்த்தபோது நான் கண்ட பிழை பெரும்பாலும் ஒன்றுதான். பெல்ட்டைப் போட்டவர் பல் சக்கரங்களில் பொறித்த டைமிங் குறிகளைப் பார்க்கத் தவறவில்லை. பெல்ட்டைப் பற்களில் ஏற்றிய கணத்தில் எல்லாக் குறிகளும் ஒத்தே இருந்திருக்கும். ஆனால் அப்போது பெல்ட்டின் தொய்வு இருக்கக் கூடாத பக்கத்தில் இருந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை விடுவித்ததும் அந்தத் தொய்வு அளவுக்குக் கேம் பின்வாங்கிவிட்டது. ஆகவே டைமிங் வைப்பது என்பது குறிகளை நேராக்கும் வேலை மட்டுமல்ல, தொய்வை உரிய பக்கத்துக்குத் தள்ளிய பிறகும் குறிகள் நேராக நிற்கின்றனவா என்று உறுதி செய்யும் வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிநிலையும் இதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, அதாவது 720 பாகை திரும்பும்போது, கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். அதற்காகவே கேம் ஸ்ப்ராக்கெட்டில் (பெல்ட் ஏறும் பல் சக்கரத்தில்) கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப் போல இரு மடங்கு பற்கள் இருக்கின்றன. கிராங்கில் 20 பற்களும் கேமில் 40 பற்களும் உள்ள எஞ்சினில் ஒரு பல் பிசகினால், கேம் 9 பாகை தவறுகிறது. கிராங்க் கணக்கில் அது 18 பாகை. கேம் பின்தங்கும் திசையில் பிசகினால், பிஸ்டன் அடிநிலையைத் தாண்டி 45 பாகையில் மூட வேண்டிய இன்டேக் வால்வு, 63 பாகையில்தான் மூடும். அதற்குள் பிஸ்டன் மேலேறத் தொடங்கியிருக்கும். உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திறந்திருக்கும் வால்வு வழியாகவே திரும்பிப் போய்விடும். கம்ப்ரஷன் குறைவதும், கீழ் வேகத்தில் இழுவை போவதும் இதனால்தான்.

எஞ்சினின் வடிவமைப்பைப் பொறுத்து, பிழையின் விலை இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். வால்வு முழுவதும் திறந்து இறங்கும் இடமும் பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற எஞ்சின்களை இன்டர்ஃபியரன்ஸ் எஞ்சின் என்பார்கள். இவற்றில் டைமிங் பல பற்கள் தவறினால் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். டீசல் எஞ்சின்களில் எரியறை மிகச் சிறியது என்பதால் அவை ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். உங்கள் எஞ்சின் எந்த வகை என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் இன்டர்ஃபியரன்ஸ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

தொடங்குவதற்கு முன்

அந்த எஞ்சினுக்குரிய சர்வீஸ் மேனுவலில் மூன்று விவரங்களைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்: குறிகள் எங்கெங்கே இருக்கின்றன, எஞ்சின் எந்தத் திசையில் சுழல்கிறது, எந்தெந்த போல்ட்டுகளை எவ்வளவு முறுக்க வேண்டும். புல்லி இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலான எஞ்சின்கள் வலஞ்சுழியாகச் சுழலும். விதிவிலக்கும் உண்டு, ஹோண்டாவின் பழைய பி வரிசை, டி வரிசை எஞ்சின்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. திசையைத் தவறாகப் பிடித்தால் கிராங்க் பெல்ட்டை இழுக்கும் இழுபக்கமும், மறுபுறத்துத் தொய்வுப் பக்கமும் இடம் மாறிவிடும். பின்னால் செய்யும் அத்தனையும் தலைகீழாகும்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். டீசலில் குளோ பிளக்குகளைக் கழற்றலாம். கம்ப்ரஷனின் எதிர்ப்பு இல்லாதபோது கிராங்கை விரும்பிய இடத்தில் மெதுவாக நிறுத்த முடியும் என்பது ஒரு வசதி. அதைவிட முக்கியமானது, கையில் ஏதாவது தட்டுப்பட்டால் அது கம்ப்ரஷனா, வால்வு பிஸ்டனில் முட்டுவதா என்ற குழப்பம் வராது. எஞ்சின் மவுண்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், ஆயில் பானின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

எஞ்சினைத் திருப்ப எப்போதும் கிராங்க் புல்லி போல்ட்டையே பயன்படுத்த வேண்டும். கேம் போல்ட்டைப் பிடித்துத் திருப்பினால் பெல்ட்டின் தவறான பக்கம் இறுகி, பல் தாண்ட இடம் ஏற்படும். எஞ்சின் சுழலும் திசைக்கு எதிராகவும் திருப்பக் கூடாது. செயின் உள்ள எஞ்சின்களில் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. எஞ்சின் நின்றிருக்கும்போது அந்த அழுத்தம் இருக்காது. அந்த நிலையில் பின்னோக்கித் திருப்பினால் செயின் தளர்ந்து பல் தாண்டிவிடக்கூடும். குறியைச் சற்றுத் தாண்டிப் போய்விட்டால், பின்னால் இழுக்காமல் இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே சுற்றி வாருங்கள்.

உச்ச நிலையைக் கண்டுபிடித்தல்

முதல் சிலிண்டரின் பிஸ்டன், டி.டி.சி. என்று சொல்லப்படும் உச்ச நிலையில், அதுவும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முடிவில் நிற்க வேண்டும் என்பதே பெரும்பாலான எஞ்சின்களின் தொடக்கப் புள்ளி. பிஸ்டன் ஒவ்வொரு 720 பாகையிலும் இரண்டு முறை உச்சத்துக்கு வரும். கம்ப்ரஷன் முடிவில் ஒன்று, எக்ஸாஸ்ட் முடிவில் மற்றொன்று. கிராங்கின் குறி இரண்டிலும் ஒத்தே இருக்கும். எது எது என்பதைக் கேம்தான் சொல்லும். கேமை மூடியிருக்கும் டேப்பெட் கவரைத் திறந்து பாருங்கள். முதல் சிலிண்டரின் இரு கேம் மூக்குகளும் வால்வை அழுத்தாமல் விலகி நின்று, இரு வால்வுகளும் மூடியிருந்தால் அது கம்ப்ரஷன் உச்சம். வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினில் அப்போது நான்காவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கியும் இருக்கும். கிராங்கை இலேசாக முன்னே நகர்த்தினால் ஒன்று ஏற, மற்றது இறங்குவது தெரியும். ஸ்ப்ராக்கெட்டில் குறி அழிந்துபோயிருந்தாலும், வேறு எஞ்சினின் ஸ்ப்ராக்கெட் மாட்டப்பட்டிருந்தாலும் இந்த வால்வு அசைவு பொய் சொல்லாது.

கிராங்கில் இரண்டு வகைக் குறிகள் இருப்பது பலரைத் தடுமாற வைக்கிறது. வெளிப் புல்லியின் விளிம்பில் இருப்பவை பெரும்பாலும் இக்னிஷன் டைமிங் பார்ப்பதற்கானவை. அதில் 0 என்பதற்கு அருகிலேயே 10 பாகை முன்னதான குறியும் இருக்கலாம். தவிரவும், பல புல்லிகளின் வெளி வளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. ரப்பர் முதிர்ந்தால் வளையம் நழுவி, குறி இடம் மாறிவிடும். பெல்ட் போடும்போது நம்ப வேண்டியது பெல்ட் ஏறும் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் குறியும், ஆயில் பம்ப் உறையில் அதற்கு எதிரே இருக்கும் குறியும்தான். நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் முழுவதும் புல்லிக் குறியை நம்பி வேலை செய்தேன். கேம் ஏன் எப்போதும் அரைப் பல் தள்ளியே நிற்கிறது என்று புரியாமல் மாலையில் புல்லியைக் கழற்றிய பிறகுதான் ரப்பர் நழுவியிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து புல்லியைக் கழற்றாமல் நான் டைமிங் பார்ப்பதில்லை.

ஸ்பார்க் பிளக் துளையில் குச்சியை விட்டு, அது மேலே வரும் இடத்தை உச்சம் என்று முடிவு செய்வது தோராயத்துக்கு உதவும், துல்லியத்துக்கு உதவாது. 80 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் 130 மில்லிமீட்டர் கனெக்டிங் ராடும் உள்ள எஞ்சினில், உச்சத்திலிருந்து கிராங்க் 5 பாகை திரும்பினால் பிஸ்டன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. கண்ணும் விரலும் அதை உணர முடியாது. 20 பாகை திரும்பினால் அதே பிஸ்டன் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். அதனால் உச்சத்தைத் துல்லியமாகக் காண விரும்புகிறவர் உச்சத்தைத் தேடாமல், அதன் இருபுறமும் பிஸ்டன் ஒரே உயரத்தில் நிற்கும் இரு புள்ளிகளைத் தேடி, அவற்றின் நடுவை எடுக்க வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றுதலும் ஏற்றுதலும்

எல்லாக் குறிகளையும் ஒத்த நிலையில் நிறுத்திய பின், பழைய பெல்ட் இருக்கும்போதே புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெல்ட்டிலும் ஸ்ப்ராக்கெட்டுகளிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டு, அதைப் புதிய பெல்ட்டுக்கு மாற்றிப் போடுவது பலரின் வழக்கம். அது துணையாக இருக்கலாம், ஆனால் பழைய பெல்ட்டே தவறாகப் போடப்பட்டிருந்தால் அந்தத் தவற்றையும் அப்படியே நகலெடுத்துவிடும். தயாரிப்பாளர் பொறித்த குறியோடு ஒப்பிடாமல் பெயின்ட் கோட்டை நம்ப வேண்டாம்.

இரண்டு கேம்கள் உள்ள எஞ்சின்களில், சில நிலைகளில் வால்வு ஸ்பிரிங்குகள் கேமை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெல்ட்டைத் தளர்த்திய உடனே அந்தக் கேம் பட்டென்று திரும்பிவிடும். எதிர்பாராதபோது அது நடந்தால் விரல் சிக்கும்; இன்டர்ஃபியரன்ஸ் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் முட்டும். ஆகவே கேமை அசையாமல் பூட்டும் லாக்கிங் கருவியோ, கேமின் உடலில் உள்ள அறுகோணப் பகுதியைப் பிடித்த ஸ்பேனரோ இல்லாமல் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. கேமைத் தனியே வெகு தூரம் திருப்ப வேண்டிய நிலை வந்தால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதலில் கிராங்கை உச்சத்திலிருந்து 90 பாகை விலக்கி வையுங்கள். அப்போது நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுப்பகுதிக்கு இறங்கி நிற்பதால் வால்வுகளுக்கு இடம் கிடைக்கும். கேமைச் சரிசெய்த பின் கிராங்கை மீண்டும் உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றிய நேரத்தில் டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கேம், கிராங்க் ஆயில் சீல்கள் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். எங்காவது ஆயில் கசிவு இருந்தால் புதிய பெல்ட்டும் விரைவில் கெட்டுப்போகும். புதிய பெல்ட்டை மடக்கவோ, முறுக்கவோ, திருப்புளியால் நெம்பி ஏற்றவோ கூடாது. உள்ளிருக்கும் இழைகள் வெளியே தெரியாமல் முறிந்துவிடும்.

இப்போது வேலையின் மையத்துக்கு வருகிறோம். வலஞ்சுழியாகச் சுழலும் எஞ்சினை முன்னிருந்து பார்த்தால், கிராங்க் தன் வலப்பக்கத்தால் பெல்ட்டைக் கீழே இழுக்கிறது. ஆகவே வலப்பக்கம் இழுபக்கம். டென்ஷனர் இடப்பக்கம், அதாவது தொய்வுப் பக்கத்தில் இருக்கும். பெல்ட்டைக் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் தொடங்கி, இழுபக்கம் வழியாக மேலே கொண்டுபோய்க் கேமில் ஏற்றி, கடைசியாகத் தொய்வுப் பக்கத்தில் டென்ஷனருக்குள் நுழைக்க வேண்டும். இழுபக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் தொய்வும் மிஞ்சக் கூடாது.

அதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கேம் ஸ்ப்ராக்கெட்டைக் குறியிலிருந்து அரைப் பல் அளவுக்குச் சுழலும் திசையில் முன்னே திருப்பிப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை ஏற்றுங்கள். பிறகு கேமைப் பின்னோக்கித் திருப்பிக் குறிக்குக் கொண்டுவாருங்கள். கேம் பின்னே வரும்போது இழுபக்கம் வீணைத் தந்திபோல விறைப்பாகும். குறிக்கு வருவதற்கு முன்பே விறைத்து நின்றுவிட்டால் ஒரு பல் குறைவாக ஏற்றியிருக்கிறீர்கள். குறிக்கு வந்த பின்னும் பெல்ட் தளர்ந்திருந்தால் ஒரு பல் அதிகம். இரண்டு கேம்கள் இருந்தால், அவற்றுக்கு இடையே உள்ள பகுதியும் இதேபோல் விறைப்பாக இருக்க வேண்டும். காகித கிளிப்புகளால் பெல்ட்டை ஸ்ப்ராக்கெட்டோடு பிடித்துவைப்பது இரண்டு கையால் மூன்று இடத்தைப் பிடிக்கும் சிரமத்தைக் குறைக்கும். கழற்ற மறக்காமல் இருக்க, எத்தனை கிளிப்புகள் போட்டோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து டென்ஷனர். ஸ்பிரிங் வகையில் முள், நோக்குக் குறிக்கு நேராக வரும்வரை திருப்பி, நட்டை உரிய அளவுக்கு முறுக்க வேண்டும். ஹைட்ராலிக் வகையை வைஸில் நிமிர்த்தி வைத்து, மிக மெதுவாக அழுத்தி, துளையில் ஊசி செருகிப் பொருத்திய பிறகு, பெல்ட் ஏறியதும் ஊசியை உருவ வேண்டும். அவசரமாக அழுத்தினால் உள்ளிருக்கும் சீல் கெட்டுவிடும். பெல்ட்டின் நீண்ட பகுதியை விரல்களால் 90 பாகை முறுக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் தோராயமானதுதான். முள் குறியோ, மேனுவல் அளவோ இருக்கும் இடத்தில் அதைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது.

லாக்கிங் கருவிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, கிராங்கைச் சுழலும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். இது சடங்கல்ல. இந்த இரண்டு சுற்றில்தான் பெல்ட் தன் பற்களில் அமர்ந்து, தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேர்கிறது. வழியில் எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். நீளமான கைப்பிடி வைத்து அழுத்துவது வால்வை வளைப்பதில் முடியும். முட்டாமல் சுற்றி வந்த பின் கிராங்க் குறியை நேராக்கிவிட்டுக் கேம் குறியைப் பாருங்கள். கால் பல் வேறுபாடு பார்க்கும் கோணத்தால் வரலாம், ஆகவே கண்ணைக் குறிக்கு நேர் எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். அரைப் பல்லுக்கு மேல் பிசகியிருந்தால் அடுத்த பல்லுக்கு மாற்றி மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ‘ஓடும்போது சரியாகிவிடும்’ என்று எதுவும் இல்லை.

சாவி இல்லாத ஸ்ப்ராக்கெட், செயின், மாறும் டைமிங்

சில எஞ்சின்களில் கேம் ஸ்ப்ராக்கெட் சாவி எனப்படும் சிறு உலோகத் துண்டால் கோக்கப்படாமல், போல்ட்டின் இறுக்கத்தால் மட்டுமே கேமோடு நிற்கும். அங்கே ஸ்ப்ராக்கெட்டில் குறி தேடுவதில் பொருளில்லை. ஃபோர்டு ஸீடெக் எஞ்சினில் இரு கேம்களின் பின்முனையில் உள்ள பள்ளங்களில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டைச் செருகி நிலைநிறுத்துவார்கள். ரெனோவின் கே4எம் எஞ்சினில் கேம்களின் பின்முனை மூடிகளைக் கழற்றி அங்கே கருவி பொருத்துவார்கள். கிராங்குக்கு பிளாக்கில் ஒரு பின் செருகுவார்கள். இவ்வகையில் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி, அது கேமின்மேல் தாராளமாகச் சுழலும்படி விட்டு, பெல்ட்டை ஏற்றி இறுக்கம் கொடுத்த பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். முறுக்கும்போது விசையைத் தாங்க வேண்டியது ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கும் தனிக் கருவியோ கேமின் அறுகோணமோ. லாக்கிங் தகடு நிலையைக் காட்டுவதற்கு மட்டுமே உரியது; அதன்மீது விசை விழுந்தால் தகடு வளையும், கேமின் பள்ளமும் உடையலாம். கோணக் கணக்கில் நீட்டி முறுக்கப்படும் போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் மாற்றிவிட வேண்டும்.

செயின் உள்ள எஞ்சின்களில் நிறமிட்ட கண்ணிகள் ஸ்ப்ராக்கெட் குறிகளோடு பொருந்த வேண்டும். இரண்டு சுற்று திருப்பிய பின் அந்தக் கண்ணிகள் வேறெங்கோ போயிருப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. செயினின் கண்ணி எண்ணிக்கை வேறு, பற்களின் எண்ணிக்கை வேறு என்பதால் அவை பல சுற்றுகளுக்குப் பிறகுதான் மீண்டும் ஒன்றுசேரும். திருப்பிய பின் பார்க்க வேண்டியவை ஸ்ப்ராக்கெட் குறிகள் மட்டுமே.

வால்வு டைமிங்கைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு உள்ள எஞ்சின்களில், ஸ்ப்ராக்கெட்டுக்குள் இருந்து கேமை முன்பின் திருப்பும் ஃபேஸர் தன் ஓய்வு நிலையில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்டேக் பக்கத்தில் பெரும்பாலும் அது முழுவதும் பின்தங்கிய நிலை, எக்ஸாஸ்ட் பக்கத்தில் முழுவதும் முந்திய நிலை. பூட்டு விழாத ஃபேஸரை வைத்து டைமிங் பார்த்தால், குறி சரியாக இருக்கும், கேம் தவறாக இருக்கும்.

அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் உள்ள எஞ்சின்களில் அதற்கும் தனிக் குறி உண்டு. மிட்சுபிஷி 4ஜி63 எஞ்சினில் குறி ஒத்தது மட்டும் போதாது. பிளாக்கின் பக்கத்திலுள்ள துளையில் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருப்புளியைச் செருகினால் அது 60 மில்லிமீட்டராவது உள்ளே போக வேண்டும். பாதியில் தடுத்தால் ஷாஃப்ட் அரைச் சுற்றுத் தள்ளி நிற்கிறது என்று பொருள், ஸ்ப்ராக்கெட்டை ஒரு சுற்றுத் திருப்பிவிட வேண்டும்.

ஹெட்டை இழைத்த எஞ்சின்களுக்கு

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் அடிப்பரப்பை இழைத்தால் கேமுக்கும் கிராங்குக்கும் இடையிலான தூரம் குறைகிறது. இழுபக்கம் அவ்வளவுக்குச் சுருங்குவதால் கேம் சற்றுப் பின்தங்கும். நீண்டுபோன செயினும் இதே விளைவைத் தரும். இதைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்குத்தான் கோணம் காட்டும் பாகைத் தட்டும், நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜும், நகர்த்தி அமைக்கக்கூடிய ஸ்ப்ராக்கெட்டும்.

கிராங்கில் பாகைத் தட்டைப் பொருத்தி, முதல் பிளக் துளையில் பிஸ்டன் நிறுத்தியைத் திருகி, ஒரு பக்கமாக மெதுவாகத் தொடும்வரை திருப்பி அளவைக் குறியுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் குறியுங்கள். பின்னோக்கித் திருப்ப வேண்டிய இந்த ஓர் அளவை மட்டும் பெல்ட் இல்லாதபோது, வால்வுகள் மூடிய நிலையில் எடுப்பது பாதுகாப்பானது. ஒருபுறம் 24 பாகை, மறுபுறம் 30 பாகை என்று வந்தால் தட்டு 3 பாகை தள்ளியிருக்கிறது. அதை 27, 27 ஆக்கினால் சுழியம்தான் உண்மையான உச்சம். பிஸ்டன் நிறுத்தியைக் கழற்றி, பெல்ட்டைப் போட்ட பின், இன்டேக் கேம் அழுத்தும் பாகமான ஃபாலோயரின்மேல் டயல் கேஜை நிறுத்தி, அது மிக அதிகம் நகரும் இடமான முழுத் தூக்கத்தைக் கண்டுபிடியுங்கள். சுழலும் திசையிலேயே திருப்பி, முழுத் தூக்கத்துக்கு 1.27 மில்லிமீட்டர் முன்னால் ஒரு பாகையையும், தாண்டிய பின் அதே 1.27 மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் மற்றொரு பாகையையும் எடுத்து, கூட்டி இரண்டால் வகுத்தால் கேமின் நடுக்கோடு கிடைக்கும். உச்சத்துக்குப் பின் 86, 134 என்று வந்தால் நடுக்கோடு 110 பாகை. கேம் தயாரிப்பாளர் 106 என்று கேட்டிருந்தால், கிராங்க் கணக்கில் 4 பாகை, கேம் ஸ்ப்ராக்கெட்டில் 2 பாகை முந்தவிட வேண்டும். முந்தினால் கீழ் வேக இழுவை கூடும், பிந்தினால் அது மேல் வேகத்துக்கு நகரும். எந்த மாற்றத்துக்குப் பிறகும் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளந்தே தீர வேண்டும். இன்டேக்கில் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டில் 2.5 மில்லிமீட்டர் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் குறைந்த அளவு.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது

மூடிகளை எல்லாம் போடுவதற்கு முன், பிளக்குகள் இல்லாமலேயே மீண்டும் இரண்டு சுற்று கையால் திருப்பிப் பாருங்கள். பிறகு பிளக்குகளைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டைமிங் சரியாக இருக்கும் பெட்ரோல் எஞ்சினில், ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடம் ஏறக்குறைய 430 முதல் 560 மில்லிமீட்டர் பாதரசம் வரை அசையாமல் நிற்கும். 200 முதல் 380 வரை தாழ்ந்து, ஆனால் அசையாமல் நின்றால் வால்வு டைமிங் பிந்தியிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். எல்லாச் சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஒரே அளவில் குறைந்திருப்பதும் அதே திசையைக் காட்டும். தேய்மானம் என்றால் சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேனரில் பி0016 போன்ற, கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்ற பிழைக் குறியீடு வந்தால், அதை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதோ சென்சாரை மாற்றுவதோ முதல் வேலையாக இருக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, குளிரவிட்டு, மேல் மூடியைத் திறந்து, கிராங்க் குறியை நேராக்கி, இழுபக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தபடி கேம் குறியை மறுபடியும் பாருங்கள்.